எங்கே போனார் பேராசிரியர் பெர்க்மன்? ‘ஸ்பேஸ்: 1999’ இரண்டு சீசன்களுக்கு நடுவே தொலைத்த ஒரு பாத்திரம்: நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய ஆய்வு

‘ஸ்பேஸ்: 1999’ என்பது 1975-லிருந்து 1977 வரை பிரிட்டனில் ஒளிபரப்பான அறிவியல் புனைகதைத் தொடர். இரண்டு சீசன், சீசனுக்கு 24 எபிசோட். முதல் சீசனில் நாயகனுக்கும் நாயகிக்கும் அடுத்த இடத்தில் இருந்தவர் பேராசிரியர் விக்டர் பெர்க்மன். இரண்டாவது சீசன் தொடங்கியபோது அவர் இல்லை. இறந்துவிட்டாரா, எங்காவது இறங்கிவிட்டாரா, நோயில் படுத்துவிட்டாரா, எந்த எபிசோடும் சொல்லவில்லை. அவரோடு இன்னும் இரண்டு பாத்திரங்களும் மறைந்தன. அவர்களைப் பற்றியும் பேச்சில்லை.

நடிகர் ஒருவர் தொடரை விட்டுப் போவது தினமும் நடப்பதுதான். இந்த நிகழ்வைத் தனியாக எடுத்துப் பார்க்கக் காரணம், விளக்கம் எழுதப்பட்டிருந்தது என்பது. எழுதி முடித்த ஒரு வசனம் திரைக்கு வராமல் போனது. அதை விட்டதற்கு அன்றைக்கு நியாயமான காரணங்களும் இருந்தன. அந்த முடிவு எப்படி உருவானது, அது கதைக்குள் என்ன செய்தது என்பதைக் காலவரிசைப்படி பதிவுசெய்கிறேன். முடிவெடுத்தவர்களையும் நடிகர்களையும் அவர்கள் வகித்த பொறுப்பால் மட்டும் குறிப்பிடுகிறேன். பாத்திரங்களுக்கு மட்டும்தான் இங்கே பெயர்.

பின்னணி: தப்பிக்க வழியில்லாத ஓர் இடம்

கதைக்களம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1999 செப்டம்பர் 13. பூமியிலிருந்து கொண்டுபோய் நிலவில் கொட்டிவைத்த அணுக்கழிவு வெடிக்கிறது. அந்த வேகத்தில் நிலவே சுற்றுப்பாதையை விட்டுக் கழன்று விண்வெளிக்குள் ஓடத் தொடங்குகிறது. அங்கே இருந்த மூன்பேஸ் ஆல்ஃபா என்ற தளத்தில் 311 பேர். திரும்பிவர வழியில்லை. சில நாட்களுக்கு முன்புதான் பொறுப்பேற்ற தளபதி ஜான் கோனிக், தலைமை மருத்துவர் ஹெலினா ரஸ்ஸல், விஞ்ஞானி விக்டர் பெர்க்மன் ஆகிய மூவரும்தான் கதையின் மையம். அவர்களைச் சுற்றிக் கட்டுப்பாட்டு அதிகாரி பால் மாரோ, கணினிப் பொறுப்பாளர் டேவிட் கேனோ, ஈகிள் விண்கலங்களை ஓட்டும் ஆலன் கார்ட்டர், தரவுப் பிரிவில் சாண்ட்ரா பெனஸ், மருத்துவமனையில் ஹெலினாவுக்கு உதவியாக டாக்டர் மத்தியாஸ்.

வேறு விண்வெளித் தொடர்களில் ஒருவரை அனுப்பிவைப்பது சுலபம். இடமாற்றம், பதவி உயர்வு, வேறு கப்பல், பூமிக்குத் திரும்புதல் என்று பத்து வழி இருக்கும். ஆல்ஃபாவில் அதில் ஒன்றுகூடக் கிடையாது. அங்கிருந்து ஒரு ஆள் குறைந்தால், ஒன்று செத்திருக்க வேண்டும், அல்லது வழியில் வந்த ஏதோ ஒரு கோளில் தங்கியிருக்க வேண்டும். இரண்டுமே தளத்தையே உலுக்கியெடுக்கும் சம்பவங்கள். அதனால் இந்தத் தொடரில் ஒருவர் சும்மா காணாமல் போவது மற்றத் தொடர்களில் போவதைவிடப் பெரிய ஓட்டை.

பெர்க்மன் என்ன வேலை பார்த்தார்

மேலோட்டமாகப் பார்த்தால் அவர் தளத்தின் விஞ்ஞானி. புரியாத ஒன்று எதிரே வந்தால் அது என்னவென்று சொல்வதும், அதிலிருந்து தப்ப ஒரு கருவி கட்டுவதும் அவர் வேலை. நிலவு ஒரு கருந்துளையை நோக்கி இழுக்கப்படும் எபிசோடில் தளத்தைச் சுற்றிக் காப்புப் புலம் அமைப்பவர் அவர்தான்.

ஆனால் அந்த எபிசோடில் மனதில் நிற்பது காப்புப் புலம் அல்ல. செய்ய வேண்டியதெல்லாம் செய்தாகிவிட்டது, இனி காத்திருப்பதுதான் மிச்சம் என்ற கட்டத்தில் கோனிக்கும் பெர்க்மனும் மதுக் கோப்பையோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். இதுவரை நாம் பிழைத்து வந்தது வெறும் தற்செயலா, யாராவது பார்த்துக்கொள்கிறார்களா என்ற பேச்சு. நிலவு கருந்துளைக்குள் நுழையும்போது இருவரும் நம் கண்ணெதிரே தொண்டு கிழவர்களாகிவிடுகிறார்கள். அப்போதும் பேச்சு நிற்பதில்லை. அதிரடிக்குப் பழகிய கண்ணுக்கு இது மந்தமாகத் தெரியலாம். என் கணக்கில் முதல் சீசனின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

கோனிக் முன்கோபி. எல்லோர் உயிருக்கும் பொறுப்பாளி என்ற சுமை அவர் முகத்தில் எப்போதும் தெரியும். அந்தத் தளத்தில் அவரை ‘கமாண்டர்’ என்று பார்க்காமல் ‘ஜான்’ என்று பார்த்துப் பேசும் மூத்தவர் பெர்க்மன் ஒருவர்தான். கோனிக்கின் அலுவலறை, மெயின் மிஷன் என்ற பெரிய கட்டுப்பாட்டு அறைக்குள் திறக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. பெரிய கதவுகள் மூடினால் அது இரண்டு பேருக்கான இடம். முக்கியமான முடிவுகள் பல அந்தக் கதவு மூடிய பிறகுதான் பிறந்தன. தொழில்நுட்ப விளக்கம் சொல்ல யாரையும் போட்டுவிடலாம். தளபதியிடம் ‘நீ செய்வது சரிதானா?’ என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். அந்த இரண்டாவது வேலையை யாரும் தனியாக எழுதிவைக்கவில்லை போலிருக்கிறது. பின்னால் வந்த சிக்கல் பெரும்பாலும் இதனால்தான்.

இரண்டு சீசனுக்கு நடுவே

முதல் சீசன் லண்டனுக்கு அருகே பைன்வுட் ஸ்டூடியோவில் தயாரானது. 1973-ன் இறுதியில் தொடங்கிய படப்பிடிப்பு 1975-ன் தொடக்கத்தில்தான் முடிந்தது. இத்தாலிய அரசுத் தொலைக்காட்சி கூட்டுத் தயாரிப்பாளர். அமெரிக்காவில் ஒரு பெரிய வலையமைப்பு வாங்கிவிடும் என்ற நம்பிக்கையில் எடுத்த தொடர் இது. மூன்று பெரிய வலையமைப்புகளுமே வாங்கவில்லை. அப்புறம் ஊர் ஊராக உள்ளூர் நிலையங்களுக்குத் தனித்தனியாக விற்றார்கள். தொடக்கத்தில் நல்ல வரவேற்பு இருந்தது, போகப் போகப் பார்வையாளர்கள் குறைந்தார்கள்.

அதே காலத்தில் தயாரிப்புக் குழுவுக்குள்ளும் பெரிய மாற்றம். தொடரை உருவாக்கிய தம்பதி பிரிந்தனர், மனைவி நிறுவனத்தை விட்டு விலகினார். பாத்திரங்களை வார்த்ததிலும் நடிகர்களைத் தேர்ந்ததிலும் பெரும்பங்கு அவருடையது. இத்தாலியக் கூட்டும் தொடரவில்லை.

ஒரு கட்டத்தில் முதல் சீசனோடு எல்லாம் முடிந்தது என்ற நிலைமை. தளத்துக்குள் வேற்றுக்கிரகப் பெண் ஒருத்தியைக் கொண்டுவருவோம், அவள் நினைத்த உயிரினமாக உருமாறக் கூடியவள் என்ற யோசனை பணம் போடுபவருக்குப் பிடித்துப்போனதால்தான் இரண்டாவது சீசனுக்கு அனுமதி கிடைத்தது. அமெரிக்காவிலிருந்து புதிய தயாரிப்பாளர் வந்தார். ‘ஸ்டார் ட்ரெக்’ முதல் தொடரின் கடைசி சீசனை நடத்திய அனுபவசாலி. முதல் சீசனைப் பார்த்த அவர், பாத்திரங்கள் விறைப்பாக இருக்கிறார்கள், யாரும் சிரிப்பதில்லை, தத்துவப் பேச்சு அதிகம், அடிதடி குறைவு என்று கணித்தார். விற்க வேண்டிய சந்தையை வைத்துப் பார்த்தால் அந்தக் கணிப்பைத் தவறென்று தள்ள முடியாது. முதல் சீசனின் சில எபிசோடுகளை இன்று உட்கார்ந்து பார்த்தால் நமக்கும் கொட்டாவி வரும்.

பெர்க்மனாக நடித்தவர் மேடை, திரை, தொலைக்காட்சி எல்லாவற்றிலும் பழம் தின்று கொட்டை போட்டவர். இரண்டாவது சீசனுக்கான சம்பளப் பேச்சு ஒத்துவரவில்லை. கதைகளின் தரத்திலும் அவருக்குத் திருப்தி இல்லை. பிற்காலத்தில், போனதில் தனக்கு வருத்தமே இல்லை என்ற தொனியில்தான் பேசினார். அந்தப் பக்கம் புதிய திட்டத்தில் அவருடைய இடமும் சுருங்கிக்கொண்டிருந்தது. இரண்டில் எது முந்தியது என்பது இந்த ஆய்வுக்கு முக்கியமில்லை. 1976-ன் தொடக்கத்தில் படப்பிடிப்பு ஆரம்பித்தபோது அவர் இல்லை என்பது உறுதியாகிவிட்டிருந்தது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, வேலையைப் பிரித்துக் கொடுப்பது. சைக்கான் என்ற கோளிலிருந்து வரும் மாயா, இரண்டாவது சீசனின் முதல் எபிசோடில் தன் தந்தையையும் கோளையும் இழந்து ஆல்ஃபாவுக்கு வருகிறாள். அறிவியல் பொறுப்பு அவளிடம் போனது. கணினியைவிட வேகமாகக் கணக்குப் போடுவாள் என்பதால் கணினிப் பொறுப்பாளர் கேனோவும் தேவையற்றவரானார். பால் மாரோவின் இடத்தில் டோனி வெர்டெஸ்கி என்ற புதிய அதிகாரி. தளத்தில் இவர் ஏற்கெனவே இருந்தவர் என்ற பாவனையில் கதை அவரை அறிமுகம் செய்கிறது. அவர் வீட்டு பீர் காய்ச்சுவார், அதைக் குடிக்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். தயாரிப்பாளர் கேட்ட நகைச்சுவை இந்த வழியாக வந்தது. ஆலன் கார்ட்டர் மட்டும் ரசிகர்களிடம் இருந்த செல்வாக்கால் தப்பினார். சாண்ட்ராவும் இருந்தார், எல்லா எபிசோடிலும் இல்லை.

இரண்டாவது முடிவு செட் பற்றியது. மெயின் மிஷன் என்ற அந்தப் பிரம்மாண்டமான ஜன்னல் வைத்த அறை போய், நிலத்தடியில் கமாண்ட் சென்டர் என்ற சிறிய அறை வந்தது. கட்டச் செலவு குறைவு, ஒளியமைக்கச் சுலபம், ஆட்களும் கொஞ்சம் போதும். முதல் சீசனுக்கு ஓராண்டுக்கும் மேல் பிடித்தது. இரண்டாவதை 1976-ம் ஆண்டுக்குள்ளேயே முடித்தாக வேண்டியிருந்தது. நடிகர்களை இரண்டாகப் பிரித்து ஒரே நேரத்தில் இரண்டு எபிசோடுகளைப் படம்பிடித்ததும் உண்டு. இந்த அறைமாற்றத்துக்கும் திரையில் காரணம் சொல்லவில்லை. ஆள் மட்டுமல்ல, அறையும் காணோம். கோனிக்கும் பெர்க்மனும் கதவை மூடிக்கொண்டு பேசிய அலுவலறையும் அதோடு போயிற்று.

மூன்றாவதுதான் நம் விஷயம். முதல் எபிசோடின் ஸ்கிரிப்டில் பெர்க்மனுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு விடை இருந்தது. விண்வெளி உடை பழுதானதால் அவர் இறந்துவிட்டார் என்று பாத்திரங்கள் பேச்சோடு பேச்சாகச் சொல்வதாக வசனம். ஒளிபரப்பான வடிவத்தில் அது இல்லை. மாரோவையும் கேனோவையும் பற்றியும் திரையில் எதுவும் இல்லை.

ஏன் விட்டார்கள்? அன்றைய கண்ணால் பார்த்தால் காரணம் விளங்கும். அந்த எபிசோடுக்கு வேலை அதிகம். புதிய பாத்திரங்கள் இரண்டு, புதிய அறை, ஒரு வில்லன், கடைசியில் ஒரு கோளின் அழிவு, எல்லாம் ஐம்பது நிமிடத்துக்குள். புதிதாகப் பார்க்க வருகிறவரிடம், அவர் கேள்விப்பட்டே இராத ஒருவரின் சாவைச் சொல்வது குழப்பம்தான். வீட்டில் போட்டுப் பார்க்கும் வசதி பரவாத காலம் அது. உள்ளூர் நிலையங்கள் எபிசோடுகளை எந்த வரிசையில் போடும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பிரிட்டனிலேயே ஒவ்வொரு வட்டாரமும் வேறு வேறு நாளில், வேறு வேறு நேரத்தில் ஒளிபரப்பியது. ஒவ்வொரு எபிசோடும் தனியாக நின்றால் போதும் என்பதே தொழிலின் பொது வழக்கம். அந்த வழக்கப்படி பார்த்தால் முதலில் வெட்டு விழுவது இப்படிப்பட்ட வசனத்துக்குத்தான்.

இதில் இன்னொரு கோணமும் உண்டு. அந்த வசனமே சுமார்தான். 24 எபிசோடுகள் தளபதியின் வலதுகையாக இருந்தவருடைய மரணத்தை, உடை பழுது என்று போகிற போக்கில் சொல்லிக் கடப்பது, ஒன்றும் சொல்லாமல் விடுவதைவிட மோசமாகவும் பட்டிருக்கலாம்.

திரையில் தெரிந்தது

பழைய பார்வையாளருக்கு முதல் அறிகுறி கதை தொடங்கும் முன்பே கிடைத்துவிடும். முதல் சீசனின் தொடக்கப் பெயர்ப்பட்டியலில் மூன்றாவது பெயர் பெர்க்மனாக நடித்தவருடையது. இரண்டாவது சீசனில் அந்த மூன்றாம் இடத்தில் மாயாவாக நடித்தவரின் பெயர். இசை மாறியிருக்கிறது, சீருடைக்கு மேலே வண்ண ஜாக்கெட்டுகள் வந்திருக்கின்றன, அறை மாறியிருக்கிறது. ‘சரி, புதுசாக்கியிருக்கிறார்கள்’ என்று ஏற்றுக்கொள்ளலாம். அப்புறம் கதைக்குள் போனால் கோனிக் ஒரு நெருக்கடியில் மாட்டுகிறார். ‘விக்டர் எங்கே?’ என்று நாம் கேட்கிறோம். கோனிக் கேட்கவில்லை.

பிரச்சினையின் கூர்மையான இடம் இதுதான். ஒருவர் இல்லை என்பதைவிட, மற்றவர்கள் அவரைத் தேடவே இல்லை என்பது அதிகம் உறுத்துகிறது. தனிமையில் மிதக்கும் முந்நூற்றுச் சொச்சம் பேரில், ஒவ்வொரு இழப்பும் பெரிதென்று முதல் சீசன் நம்மைப் பழக்கியிருந்தது. துணைப் பாத்திரங்கள் இறந்தபோதுகூட கோனிக்கின் முகம் மாறியது. அதே கோனிக் தன் நெருங்கிய நண்பனைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் நடமாடினால், இது வேறு கோனிக் என்று தோன்றத்தான் செய்யும். இரண்டாவது சீசன் கோனிக் சட்டென்று கத்துகிறார், துப்பாக்கியைச் சீக்கிரம் எடுக்கிறார் என்ற குறை ரசிகர்களிடம் நெடுநாளாக உண்டு. எழுத்துப் பாணி மாறியது அதற்குப் பெரிய காரணம். அவரை நிறுத்திவைத்து யோசிக்கச் சொல்லும் ஆள் இல்லாததும் ஒரு காரணம் என்பேன். மாயா புத்திசாலி, துணிச்சல்காரி, சில எபிசோடுகளைத் தனியாளாகத் தூக்கி நிறுத்துகிறாள். ஆனால் அவள் அடைக்கலம் தேடி வந்த இளம்பெண். தளபதியின் மனசாட்சியோடு சரிக்குச் சரியாக மல்லுக்கட்டும் மூத்தவரின் இடத்தை அவளுக்குக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் இல்லை.

முதல் சம்பவம் கேள்வியின்றிக் கடந்துபோனதும் அதுவே பழக்கமானது. டாக்டர் மத்தியாஸ் இரண்டாவது சீசனின் முதல் இரண்டு எபிசோடுகளில் இருக்கிறார். அதற்குப் பிறகு இல்லை. மருத்துவமனையில் வேறு டாக்டர் நிற்கிறார். மத்தியாஸ் எங்கே என்று அங்கேயும் யாரும் கேட்பதில்லை.

நாள் கணக்கில் விழுந்த முடிச்சு

இரண்டாவது சீசனுக்கு ஒரு புதுப் பழக்கம் உண்டு. எபிசோட் தொடங்கும்போது ஹெலினாவின் குரல் ஆல்ஃபாவின் நிலை அறிக்கையைப் பதிவுசெய்யும். பூமியின் சுற்றுப்பாதையை விட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லி அறிக்கை ஆரம்பிக்கும். முதல் எபிசோடில் அவர் சொல்லும் எண் 342.

முதல் சீசனின் பிற்பகுதியில் ஓர் எபிசோட் இருக்கிறது. விண்கலங்களின் சுடுகாட்டில் பதுங்கியிருக்கும் பல கைகள் கொண்ட மிருகத்தின் கதை. தொடரைப் பார்த்த யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். அதிலும் ஹெலினாவின் குரல்தான் கதையைத் தொடங்குகிறது. அங்கே அவர் சொல்வது 877 நாள். அந்தக் கதையில் வரும் அல்ட்ரா என்ற கோளைக் கண்டுபிடித்தவரே பெர்க்மன்தான்.

இரண்டு எண்களையும் நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். 1999 செப்டம்பர் 13-லிருந்து 342-வது நாள் 2000 ஆகஸ்டில் விழும். 877-வது நாள் 2002 பிப்ரவரியில் வரும். அதாவது மாயா ஆல்ஃபாவுக்கு வந்து, பெர்க்மன் இல்லாத தளத்தில் கதைகள் நடந்துகொண்டிருக்கும் காலத்துக்கு நடுவே, பெர்க்மன் உயிரோடு இருக்கிறார், மாயாவைக் காணோம், பழைய மெயின் மிஷனும் திரும்பிவந்துவிட்டது!

இது எழுத்தர்களின் கவனக்குறைவு என்று சிரித்துவிட்டுப் போகலாம். நடந்தது என்னவென்று ஊகிப்பதும் கடினமில்லை. புதிய குழு புதிய எண்வரிசையைத் தன் வசதிக்குத் தொடங்கியது, பழைய எபிசோடுகளின் எண்களைச் சரிபார்க்க யாரையும் உட்காரவைக்கவில்லை. பெர்க்மனின் வசனம் போனதும் இந்த எண் வந்ததும் ஒரே மனநிலையின் இரண்டு விளைவுகள். முந்தைய சீசனை நடந்த வரலாறாகப் பார்க்காமல், வேறொரு கம்பெனியின் பழைய சரக்காகப் பார்த்த மனநிலை அது. கன்டினியூட்டி பார்க்கும் உதவியாளர் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே கோப்பையில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று குறித்துவைப்பார். ஒரு சீசனுக்கும் அடுத்த சீசனுக்கும் நடுவே எத்தனை பேர் மிச்சம் என்று குறிப்பது யார் வேலை என்று யாரும் முடிவுசெய்யவில்லை.

அப்புறம் என்ன ஆயிற்று

இரண்டாவது சீசன் 1976 செப்டம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. மூன்றாவது சீசன் வரவில்லை. பெர்க்மனின் விளக்கம் வராததால்தான் தொடர் விழுந்தது என்று சொன்னால் அது மிகை. செலவு, சந்தை, ஒளிபரப்பு நேரம் என்று பெரிய காரணங்கள் இருந்தன. விளக்கம் வந்திருந்தாலும் மூன்றாவது சீசன் கிடைத்திருக்காது.

விளைவு வேறிடத்தில் தெரிந்தது. தொழில் போட்ட கணக்கு, பார்வையாளர் வருவார் போவார், வரிசையாக யாரும் பார்க்கப் போவதில்லை என்பது. அன்றைக்கு அது சரி. கேசட்டும் டிவிடியும் வந்ததும் அது தலைகீழானது. முதல் சீசனின் கடைசி எபிசோடை முடித்த கையோடு, அடுத்த ஐந்தாவது நிமிடம் இரண்டாவது சீசனின் முதல் எபிசோடைப் போடலாம். 1976-ல் மாதக்கணக்கில் இருந்த இடைவெளி காணாமல் போயிற்று. பார்வையாளரின் மறதியை நம்பி விட்ட ஓட்டை இப்போது நேராகக் கண்ணில் அடிக்கிறது.

ரசிகர்கள் தாங்களே விடை தேடினார்கள். ஸ்கிரிப்டில் இருந்த ‘உடை பழுது’ விளக்கம் கைமாறிக் கைமாறி வெளியே வந்தது. திரையில் வராத அந்த வரிதான் இன்று பெர்க்மனின் மரணத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். குப்பைக்கூடைக்குப் போன காகிதமே கடைசியில் ஆவணமாயிற்று. பிற்காலத்தில் உரிமம் பெற்று வெளிவந்த நாவல்களும் இந்த இடைவெளிக்குள் புகுந்து கதை கட்டின.

கதையில் வரும் அந்த 1999 செப்டம்பர் 13 நிஜத்திலும் வந்தபோது, லாஸ் ஏஞ்சலஸில் கூடிய ரசிகர்களுக்கு ஒரு குறும்படம் காட்டப்பட்டது. முதல் சீசனின் ஸ்கிரிப்ட் எடிட்டர்களில் ஒருவர் எழுதியது. சாண்ட்ராவாக நடித்தவர் அதே பாத்திரமாக வந்து, ஆல்ஃபாவாசிகள் தளத்தைக் காலிசெய்து ஒரு கோளில் குடியேறப் போவதாக இறுதிச் செய்தி அனுப்புகிறார். தொடர் சொல்லாமல் விட்ட முடிவுக்கு 22 ஆண்டு கழித்து ஒரு விடை. 2019-ல் ஒலிநாடகமாகத் தொடரை முதலிலிருந்து புதிதாகத் தொடங்கியபோது, பெர்க்மன் கோனிக்கின் பக்கத்தில் மறுபடி வந்து உட்கார்ந்தார். வேறு குரல், அதே இடம்.

மாற்றிச் செய்திருந்தால்

நம்மூர் மெகா சீரியல்களில் ‘இவருக்குப் பதில் இனி இவர்’ என்று ஒரு அட்டையைப் போட்டுவிட்டுக் கதையைத் தொடர்வார்கள். கேலிக்கு ஆளாகும் வழக்கம்தான், ஆனாலும் பார்வையாளரிடம் கணக்குச் சொல்லிவிடும் நேர்மை அதில் உண்டு. பெர்க்மனுக்கு அந்த வழி ஒத்துவந்திருக்காது. முதல் நடிகரை மறந்துவிட்டு வேறு முகத்தை ‘விக்டர்’ என்று கோனிக் கூப்பிட்டிருந்தால் அது இன்னும் பெரிய கூத்தாகியிருக்கும்.

அவரை உயிரோடு வைத்துத் திரைக்கு வெளியே நிறுத்தியிருக்கலாமா? ‘விக்டர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார்’ என்று அவ்வப்போது ஒரு வரி. செலவில்லை, நடிகர் மனம் மாறினால் கதவும் திறந்திருக்கும். ஆனால் வாரம் ஒரு பேராபத்து வரும் தளத்தில், மூளைக்காரர் ஒருவர் நாலு அறை தள்ளி உட்கார்ந்துகொண்டு ஒரு முறைகூட எட்டிப் பார்க்கவில்லை என்றால் இரண்டாவது வாரமே பொருந்தாமல் போகும்.

ஆகவே மரணம்தான் சரியான முடிவு. எழுதியவர்கள் அதுவரை சரியாகவே யோசித்திருக்கிறார்கள். காரணத்தை மட்டும் மாற்றியிருப்பேன். பெர்க்மனுக்கு இருந்தது இயந்திர இதயம். முதல் சீசன் கொடுத்துவிட்டுப் போன தகவல் அது. பூமியிலிருந்து பிரிந்த தளத்தில் அந்த இதயத்துக்கு மாற்று உறுப்பு எங்கிருந்து வரும்? எல்லாப் பொருளும் ஒருநாள் தீரும் என்ற தொடரின் அடிப்படைப் பயமே அதற்குள் இருக்கிறது. எங்கிருந்தோ ஒரு பழுதான உடையை இழுத்துவர வேண்டிய தேவையே இல்லை.

எங்கே சொல்வது என்பது அடுத்த கேள்வி. முதல் எபிசோடில் இடமில்லை என்ற தயாரிப்பாளரின் கணக்கை நான் ஏற்கிறேன். பாத்திரங்கள் நின்று பேசும் காட்சியாக வைத்தால் வேகம் குறையும், புதியவருக்குப் புரியாது. ஆனால் அந்த சீசனுக்கென்றே கண்டுபிடித்த கருவி ஒன்று கையிலேயே இருந்தது: ஹெலினாவின் நிலை அறிக்கை. அது திரைக்குப் பின்னாலிருந்து வரும் குரல். செட் வேண்டாம், கூடுதல் நடிகர் வேண்டாம், படப்பிடிப்பு நாள் வேண்டாம். நாள் எண்ணைச் சொன்னதும் இழப்புகளைச் சொல்வது அறிக்கையின் இயல்பும்கூட. பேராசிரியர் பெர்க்மன், மாரோ, கேனோ என்று மூன்று பெயரையும் அங்கேயே வைத்திருக்கலாம். பெர்க்மனைத் தெரியாதவருக்கு அது தளம் ஆபத்தானது என்று சொல்லும். தெரிந்தவருக்குத் தேவையான விடை கிடைத்துவிடும். ஐம்பது நிமிட எபிசோடில் அதற்குப் பத்து விநாடி போதும்.

கோனிக்குக்கு மட்டும் தனியாக ஒன்று வேண்டும், அதை முதல் எபிசோடில் வைக்கத் தேவையில்லை. மாயா வந்து நாலைந்து வாரம் போன பிறகு, ஏதோ ஒரு கணக்கை அவள் சட்டென்று போட்டுக் காட்டும்போது, விக்டராக இருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்று அவர் ஒரு முறை சொன்னால் போதும். மாயா அவரை அறியாதவள் என்பதால் ‘யார் அவர்?’ என்று கேட்பாள். புதிய பார்வையாளரின் கேள்வியும் அதுதான், அவருக்கும் சேர்த்தே பதில் கிடைத்திருக்கும்.

நாள் எண்ணைத் திருத்துவது இன்னும் சுலபம். 342 என்று குரல் பதிவுசெய்த அன்றைக்கே, பழைய 24 ஸ்கிரிப்டுகளையும் ஒருவர் ஒரு மாலைப்பொழுது புரட்டியிருந்தால் 877 கண்ணில் பட்டிருக்கும். எண்ணை 900 என்று தொடங்கியிருப்பார்கள். யாருக்கும் ஒரு பைசா கூடுதல் செலவாகியிருக்காது.